லுத்தரன் சபைக்காரங்களுக்கு நற்கருணை வெறும் அடையாளம் இல்லைங்க

நான் கத்தோலிக்கம், வீட்டுக்காரர் லுத்தரன், இருக்கிறது கடலூர். எங்க சொந்தத்துல பலபேர் சர்வசாதாரணமா சொல்ற ஒரு பேச்சு, "அவங்களுக்கு நற்கருணை சும்மா அடையாளம்மா, நமக்குதான் அது ஆண்டவர்"னு. நற்கருணைன்னா கோயில் வழிபாட்டுல இயேசுவோட உடலும் ரத்தமுமா குடுக்கிற அப்பமும் திராட்சை ரசமும், லுத்தரன்ல திருவிருந்தும்பாங்க. இது தப்பு, அதான் எழுதுறேன்.

அடையாளம்னு சொன்னது சுவிட்சர்லாந்து சீர்திருத்தவாதி சுவிங்லி, லுத்தரன் சபைக்கு வழிவகுத்த லுத்தர் இல்ல. 1529-ல ஜெர்மனியில மார்பர்க்ல ரெண்டு பேரும் பேச உக்காந்தப்ப லுத்தர், இயேசு சொன்ன "இது என் சரீரம்"ங்கிற வசனத்தை லத்தீன்ல மேஜை மேலயே சாக்பீஸால எழுதி வச்சுட்டு அதுலேர்ந்து இம்மியும் நகரல, 15 விஷயத்துல 14 ஒத்துப்போயும் இந்த ஒண்ணுக்காகவே பிரிஞ்சாங்க.

வித்தியாசமே இல்லன்னு சொல்ல வரல. குருவானவர் அந்த வார்த்தைகளை சொன்னதும் அப்பத்தோட உள்ளியல்பே மாறிடுது, கண்ணுக்கும் நாக்குக்கும் மட்டும்தான் அப்பம், இது நம்ம கத்தோலிக்கப் படிப்பினை, ஆயர்கள் கூடின திரெந்து சங்கம் 1551-ல உறுதியா சொன்னது. லுத்தரன்ல அப்பம் அப்பமாவே இருக்கும், அதோடயே அதுக்குள்ளயே ஆண்டவரோட உடலும் இருக்கு, எப்படின்னு தோண்டக் கூடாதும்பாங்க. அதனாலதான் நாம மீதி அப்பத்தை கோயில் பேழையில வச்சு விளக்கேத்தி ஆராதிக்கிறோம், அவங்ககிட்ட அந்த வழக்கம் இல்ல.

ஆனா பக்தி குறைச்சல்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க மாமியார் திருவிருந்து ஞாயிறுன்னா பச்சத்தண்ணி பல்லுல படாம கிளம்புவாங்க, முக்காடு போட்டு பீடத்துக்கு முன்னாடி முழங்கால் போட்டு, ஐயர் (சபை போதகர்) அப்பம் குடுத்து திராட்சை ரசக் கிண்ணத்தையும் நீட்டுவாரு, வாங்கிட்டு எழுந்திருக்கவே நேரமாகும், முட்டிவலி வேற. கிண்ணம் அவங்களுக்கு ரொம்ப முக்கியம், 1415-ல கத்தோலிக்க ஆயர்களோட கான்ஸ்டன்ஸ் சங்கம் பொதுமக்களுக்கு அதை நிறுத்தினதை லுத்தர் எதிர்த்தாரு, இப்போ நம்ம சபையும் அனுமதிக்குது, ஆனா எங்க பங்குல பெரும்பாலும் அப்பம் மட்டும்தான்.

நிஜமான சுவர் எங்க இருக்குன்னா, பூசை ஒரு பலியா, அதை நிறைவேத்துறவரோட குருப்பட்டம் செல்லுமாங்கிறதுலதான். அதனாலதான் நாங்க ரெண்டு பேரும் ஒரே பீடத்துல வாங்க முடியல. 2015-ல ரோம்ல லுத்தரன் கோயிலுக்கு போன போப் பிரான்சிஸ்கிட்ட, கத்தோலிக்கரை கட்டின ஒரு லுத்தரன் பெண் இதையேதான் கேட்டாங்க, அவரு ஆண்டவரோட பேசி முன்னாடி போங்க, இதுக்கு மேல சொல்ல எனக்கு துணிவில்லன்னுட்டாரு. போப்புக்கே அவ்ளோ தயக்கம் இருந்த விஷயம்ங்க இது.

புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டமும் இங்கதான், ஆற்காடு லுத்தரன் திருச்சபை தலைமையும் கடலூர்லதான். கலப்புக் கல்யாணம் பண்றவங்களுக்கு தயாரிப்பு வகுப்புல ரெண்டு பக்கத்து குருமாரும் சேர்ந்து உக்காந்து ஒரு மணிநேரம் இதை சொல்லிக் குடுத்தா என்ன?