அந்த 10% கணக்கு யாரும் அளந்து பாத்தது இல்ல

அண்ணே, “ட்ரெயினிங்ல சொல்லிக் குடுக்கறதுல 10% தான் வேலைக்கு வரும், ஆராய்ச்சில நிரூபிச்சிட்டாங்க, தோட்டத்துல ட்ரெயினிங் வைக்கிறதே வீண் செலவு”ன்னு மேல போட்டிருக்கீங்க, அது சரியில்ல. 1982ல ஜோர்ஜென்சன்னு ஒருத்தர் ஒரு கட்டுரையில, ட்ரெயினிங் மேனேஜர்மாரு இப்பிடி சொல்றத எத்தன தடவ கேட்டிருப்பீங்கன்னு சும்மா கேள்வியா போட்டாரு, அளந்தெல்லாம் பாக்கல, அத ஆள் மாத்தி ஆள் எடுத்து எழுதி கடைசில புள்ளிவிவரமாவே ஆக்கிட்டாங்க.

1988ல பால்ட்வின், ஃபோர்ட் ரெண்டு பேரும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகள தொகுத்து சொன்னது வேற. கத்துக்கிற ஆளு, ட்ரெயினிங்க அமைச்ச விதம், அவரு திரும்பிப் போற வேல எடம், இந்த மூணையும் சேத்துத்தான் பாக்கணும்.

நம்ம பக்கம் கவ்வாத்தயே, அதான் தேயில மரத்த வெட்டி விடுறதயே எடுத்துக்கோங்க. வெட்டு சாய்வா, பிசிறு இல்லாம விழணும், தண்ணி தேங்கக்கூடாதுன்னு நல்லாத்தான் காட்டிக் குடுப்பாங்க. மறுநாள் மலைக்கு போனா கத்தி மொட்ட, தீட்ட நேரம் இல்ல, இத்தன மரம் முடிக்காட்டி அர பேருதான், அர நாள் சம்பளந்தான்னு வேல வாங்குற கங்காணி தலைக்கு மேல நிப்பாரு, அப்ப வெட்டுற ஆளு கெளைய கிழிச்சிட்டுதான் போவாரு, படிச்சது மறந்துபோயி இல்ல.

ட்ரெயினிங்குக்கு முன்னாடியே கங்காணியையும் கணக்கப்புள்ளையையும் கூப்ட்டு பேசணும், மொத வாரமாவது மரக் கணக்க கொறச்சி, தெரிஞ்ச ஒருத்தர் கூடவே நின்னு வெட்ட பாத்து திருத்தணும். தயவுசெஞ்சி அந்த 10% வரிய எடுத்துடுங்கண்ணே, தோட்டத்துல முடிவெடுக்குற ஆளுங்களும் இத வாசிக்கிறாங்க.