நாற்பதுக்கு மேல் மரம் வெட்டப் பழக வருகிறவர்களுக்கு

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தோ, கடையை மூடிவிட்டோ, நம்ம குமரி மாவட்டத்தில் மரம் வெட்டும் வேலைக்கு வர நினைப்பவர்களே, முதல் ஒரு வருஷம் மரத்தில் ஏறாதீர்கள். கீழே நின்று, வெட்டும் கொப்பைக் கட்டி இறக்கும் கயிற்றைப் பிடியுங்கள். அதை எடுபிடி வேலை என்று நினைப்பது பெரிய தப்பு. மேலே இருப்பவரின் உயிர் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஒரு அடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைப் புளியங்கொப்பு 200 கிலோவுக்கு மேல் வரும். அது விழுந்து கயிறு விறைக்கும் நொடியில் இழுவை பல மடங்காகும். கயிற்றைக் கையில் சுற்றியிருந்தால் விரல் போய்விடும். பக்கத்து மரத்து மூட்டில் மூன்று சுற்றுப் போட்டு, உரசலில் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சட்டென்று பிடித்தால் மேலே கயிறு போட்டிருக்கும் கவையே (கொப்பு பிரியும் இடம்) பிளக்கும்.

அடுத்து வெட்டு. பெரிய கொப்பை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதியில் ஒடிந்து தாய்மரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அதனால் கொப்பின் மூட்டிலிருந்து ஒரு அடி தள்ளி முதலில் அடியில் கால்வாசி ஆழம் அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கொப்பை இறக்குங்கள். மிச்சமிருக்கும் கட்டையை, கொப்பு மரத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் வீக்கத்துக்கு வெளியே ஒட்டி எடுங்கள். மரம் காயத்தை மூடுவது அந்த வீக்கத்திலிருந்துதான். அதைச் செதுக்கினாலும் அழுகும், நீளமாகக் கட்டை விட்டாலும் அழுகும். தார் பூச வேண்டாம், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

2017 ஒக்கிப் புயலை நினைத்துப் பயந்து, "மாமரத்தை மொட்டையடிச்சிரு" என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. செய்யாதீர்கள். மொட்டையில் கூட்டமாக வெடிக்கும் துளிர்கள் ஆழமாகப் பற்றாதவை. தடித்ததும் அவைதான் காற்றில் முதலில் பிய்யும். ஒரு தடவையில் தழையில் கால்வாசிக்கு மேல் எடுக்கவே கூடாது.

தென்னை ஏறும் மெஷின் தெரியும் என்பது இங்கே உதவாது. கொப்புள்ள மரத்தில் செயின்சா ஓடும்போது உடம்பை மரத்தோடு கட்டும் இரண்டு பிடிமானம் வேண்டும். ஒன்று உள்ளே கம்பி ஓடும் கயிறாக இருக்கட்டும், வாள் பட்டாலும் சட்டென்று அறுபடாது. மூட்டில் காளான் இருந்தால், தட்டும்போது பொள்ளல் சத்தம் வந்தால், ஏற மறுத்துவிடுங்கள்.

லைன் பக்கத்துக் கொப்பு என்றால் மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்தும்வரை வாளைத் தொடாதீர்கள். பச்சைக் கொப்பும் நனைந்த கயிறும் கரண்டைக் கடத்தும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.