தூங்கிவிட்டால் மதிப்பெண் குறைந்துவிடும், அதுதான் சிக்கல்

மனநல வார்டில் ஒருவர் கொந்தளித்தால் அதை எண்ணாக எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சியும். "ரொம்ப அஜிடேட்டடா இருந்தார்" என்று நைட் ஷிப்ட்காரர் எழுதி வைத்துவிட்டுப் போனால், காலையில் வருகிறவருக்கு என்ன விளங்கும்? நடந்துகொண்டே இருந்தாரா, கத்தினாரா, நாற்காலியைத் தூக்கினாரா? வேலைக்குப் புதிதாக வந்தவருக்குக் குரல் உயர்ந்தாலே 'ரொம்ப', வார்டிலேயே தலை நரைத்தவருக்குக் கதவு உடைந்தால்தான் 'ரொம்ப'. அதனால் அளவுகோலே வேண்டாம் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். என் சண்டை வேறு. கையில் இருக்கும் அளவுகோல்களில் பெரும்பாலானவை நோயாளி படும் பாட்டை அளப்பதில்லை, அவரால் நாம் படும் பாட்டைத்தான் அளக்கின்றன.

மருந்து ஆய்வுகளில் அதிகம் புழங்கும் பான்ஸ்-ஈசி என்ற கொந்தளிப்பு அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பரபரப்பு, இறுக்கம், பகைமை, ஒத்துழையாமை, உந்துதலை அடக்க முடியாமை என்று ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை, எண் ஏற ஏற கொந்தளிப்பு அதிகம். ஆகக் குறைந்தது 5, அதிகபட்சம் 35, பல ஆய்வுகளில் 14 இருந்தால்தான் ஆளையே சேர்ப்பார்கள். அதில் நான்காவதைக் கொஞ்சம் பாருங்கள். ஊசி வேண்டாம் என்று ஒருவர் அடம்பிடித்தால், அவர் சொல்லும் காரணம் நியாயமானதாகவே இருந்தாலும், அங்கே புள்ளி ஏறிவிடலாம். சரி, ஊசி போட்டாயிற்று, இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்க்கிறோம், ஆள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். பகைமை இல்லை, இறுக்கம் இல்லை, ஒத்துழைக்க மறுக்கவும் இல்லை. கிட்டத்தட்ட 5. பிரமாதம்! அமைதியானாரா, அடித்துப் போட்ட மாதிரி கிடக்கிறாரா என்று அந்த எண்ணிடம் கேட்டால் பதில் வராது.

இந்த விஷயத்தில் பார்ஸ் என்ற சின்ன அளவுகோல் எவ்வளவோ தேவலை. ஏழே படிகள், பார்த்த மாத்திரத்தில் போட்டுவிடலாம். 7 என்றால் வன்முறை, பிடித்து நிறுத்த வேண்டிய நிலை. 4 என்றால் விழித்திருக்கிறார், அமைதியாக இருக்கிறார். 1 என்றால் எழுப்புவதே கஷ்டம், அல்லது எழுப்பவே முடியவில்லை. அதாவது 7இல் இருந்தவரை 1க்குக் கொண்டுபோனால் அது குணமல்ல, இன்னொரு ஆபத்து என்பது அந்தக் கோட்டிலேயே தெரிகிறது. கொந்தளிப்பவரைச் சீக்கிரம் அமைதிப்படுத்தும் மருந்துகளை ஒப்பிட்டு ரியோ டி ஜெனிரோவிலும் வேலூரிலும் நடந்த ட்ரெக் ஆய்வுகளில் 'அமைதியாக இருக்கிறார் அல்லது தூங்குகிறார்' என்பதை ஒரே முடிவாகச் சேர்த்து எண்ணினார்கள். கை ஓங்கி நிற்பவர் முன்னால் அந்தக் கணக்கு நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கணக்கு மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று வார்டில் தொடர்வதுதான் எனக்கு ஆகவில்லை.

இதைவிட மோசம் அகதீசியா. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, உடம்புக்குள் ஒரு தாங்க முடியாத அமைதியின்மையைக் கிளப்பிவிடும். நின்ற இடத்திலேயே எடையை வலது காலுக்கும் இடது காலுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார், உட்காரச் சொன்னால் உட்காருவார், அரை நிமிஷத்தில் முழங்கால் ஆட ஆரம்பிக்கும், எழுந்து வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார், யாராவது வழிமறித்தால் எரிந்து விழுவார். கொந்தளிப்பு அளவுகோலில் இவருக்கு மதிப்பெண் எகிறும். மதிப்பெண் ஏறினால் மருந்தும் ஏறும், மருந்து ஏறினால் நடையும் ஏறும். இதற்கென்றே 1989இல் வந்த பார்ன்ஸ் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, காலாட்டத்தைப் பார்த்து ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு, உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று ஒன்று, அது எவ்வளவு வாட்டுகிறது என்று இன்னொன்று, அவரிடமே கேட்டுப் போட வைக்கிறது. கேட்டால் சொல்கிறார்கள், ஐயா. பலர் தெளிவாகவே சொல்கிறார்கள்.

அப்புறம், சர்க்கரை இறங்கிப் போனவர், குடியை நிறுத்திய இரண்டாம் நாள் கை நடுங்குகிறவர், சிறுநீர் அடைத்துக்கொண்டு சொல்லத் தெரியாமல் தவிக்கும் முதியவர், எல்லோருக்கும் பான்ஸ்-ஈசியில் ஒரே 20 விழலாம். எண் காரணம் சொல்லாது. அது அதன் குற்றமும் இல்லை, எண்ணைப் பார்த்ததும் நேரே ஊசியை எடுக்கிறோமே, அதுதான் குற்றம்.

டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களுக்கான கோஹன்-மேன்ஸ்ஃபீல்ட் பட்டியலில் 29 நடத்தைகள். அடிப்பது, கடிப்பது எல்லாம் உண்டு, கூடவே ஓயாமல் கவனத்தையும் உதவியையும் கேட்பதும் உண்டு. தேவையில்லாமல் கேட்பது என்று விளக்கம் வைத்திருக்கிறார்கள், தேவையா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? அல்சைமர் நோயில் வரும் கொந்தளிப்புக்கு பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற மருந்தை 2023இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது இந்தப் பட்டியலை வைத்துத்தான். 29இலிருந்து 203 வரை போகும் அளவில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் ஒரு முக்கிய ஆய்வில் கிடைத்த வித்தியாசம் ஐந்து புள்ளிச் சொச்சம். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே பதினேழு போலக் குறைந்திருந்தது.

சரி, எல்லாம் வீண் என்கிறேனா என்றால் இல்லவே இல்லை. நார்வேயில் உருவான புரோசெட் பட்டியலைப் பாருங்கள். குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய்மிரட்டல், கைமிரட்டல், பொருட்களைத் தாக்குவது என்று ஆறே கேள்வி, உண்டு அல்லது இல்லை, அடுத்த 24 மணி நேரத்துக்கான எச்சரிக்கை. 2008இல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வில், இதைத் தினமும் முறையாகக் குறித்த வார்டுகளில் கடுமையான தாக்குதல்கள் 41 சதவீதமும் கட்டிப்போடுவது, தனியறையில் பூட்டுவது போன்ற கட்டாய நடவடிக்கைகள் 27 சதவீதமும் குறைந்தன. என் கணிப்பில் இதன் பலன் எண்ணில் இல்லை, எண் போடுவதற்காக ஒருவர் கிட்டே போய் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதில் இருக்கிறது. (கையில் கடிகாரம் கட்டிவிட்டு அசைவைப் பதிவு செய்தால் போதும் என்று கிளம்பியிருக்கிறார்கள் சிலர். அகதீசியாவும் ஆத்திரமும் அதற்கு ஒன்றுதான்.)

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எல்லாம் இல்லை. எந்த அளவுகோலை வைத்திருந்தாலும் படிவத்தின் அடியில் இரண்டு வரி இடம் விடுங்கள். முதல் வரியில், மதிப்பெண் ஏறுவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது: போன் பிடுங்கப்பட்டதா, வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லையா, மருந்து மாறியதா. இரண்டாவது வரி அவருடையது. விழித்த பிறகு கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.