விஸ்லரா, பிளாக்கோமா?

சனிக்கிழமை, இன்னும் சரியாக விடியவில்லை. கனடாவில் வான்கூவரிலிருந்து, விஸ்லர், பிளாக்கோம் என்று இரண்டு பனிச்சறுக்கு மலைகள் இருக்கும் விஸ்லர் ஊருக்குப் போகும் மலைச்சாலை, ஒரு பக்கம் கடல். வண்டி ஓட்டுவது வனஜா அக்கா. சர்ரேயில் மருந்துக்கடையில் வேலை, பிள்ளைகளை ஸ்கீ வகுப்பில் விடப் போய்த் தானும் கற்றுக்கொண்டவர். பக்கத்தில் கார்த்தி. அக்கா வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறான், சொந்தமாக ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் சேர்த்து மாட்டும் ஒற்றைச் சறுக்குப் பலகை, வாங்கியிருக்கிறான், அதைப் பற்றிய வீடியோ எதையும் விட்டுவைக்கவில்லை.

கார்த்தி: அக்கா, இப்போதே சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு விஸ்லர் மலைதான். பிளாக்கோம் பேச்சே எடுக்காதீர்கள்.

அக்கா: வழியில் ஸ்குவாமிஷ் ஊர்கூட வரவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாயா? 1997-லேயே இரண்டு மலையும் ஒரே கம்பெனி கைக்குப் போயாயிற்று. ஒரே டிக்கெட், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கார்த்தி: டிக்கெட் ஒன்றுதான், ஆனால் பார்க்கிங்? வில்லேஜுக்கு முன்னாலேயே க்ரீக்சைடு வந்துவிடும், அங்கே நிறுத்தினால் கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி, கோண்டோலா, அதைப் பிடித்து நேராக விஸ்லர் மலை. க்ரீக்சைடைத் தாண்டிவிட்டால் நீங்கள் நைசாக பிளாக்கோம் பக்கம் திருப்பிவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

அக்கா: சரி, காரணம் சொல்லு. ஏன் விஸ்லர்?

கார்த்தி: முதலில் பரப்பளவு. விஸ்லர் 4,757 ஏக்கர், பிளாக்கோம் வெறும் 3,414.

அக்கா: ஏக்கர் கணக்கு எதற்கு, நெல்லா போடப் போகிறாய்? போன தடவை நீ உபயோகித்த இடம் மொத்தமாக அரை கிரவுண்டு இருக்கும். அதிலும் பாதி நேரம் உட்கார்ந்திருந்தாய்.

கார்த்தி: ஸ்னோபோர்டில் உட்கார்வது சகஜம் அக்கா. காலைப் பலகையில் மாட்ட வேண்டும் இல்லையா?

அக்கா: மாட்டி முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தாய்.

கார்த்தி: அது இயற்கையை ரசித்தது. சரி, அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே. விஸ்லரில் ஆளை மலையேற்றும் லிப்ட் ஓட ஆரம்பித்தது 1966-இல். பிளாக்கோம் திறந்ததே 1980-இல்தான். மூத்தது எது?

அக்கா: மூத்தவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்றால் என் பேச்சைக் கேள். உயரத்தைப் பார். பிளாக்கோம் சிகரம் 2,436 மீட்டர், உன் விஸ்லர் 2,182.

கார்த்தி: சிகரம் வரைக்கும் லிப்ட் போகிறதா? 2,284-இல் இறக்கி விட்டுவிடுவார்கள். மிச்சத்தைத் தவழ்ந்தா போவீர்கள்?

அக்கா: அந்த 2,284-உம் உன் சிகரத்தைவிட நூறு மீட்டர் அதிகம்தான், கழித்துப் பார். அங்கே லிப்டை விட்டு இறங்கினால் அடிவாரம் வரைக்கும் 1,609 மீட்டர் இறக்கம், சரியாக ஒரு மைல். விஸ்லரில் 1,530 தான்.

கார்த்தி: ஒரு மைல் ஆழத்துக்கு இறங்குவதை என்னவோ வசதி மாதிரி சொல்கிறீர்களே, உங்கள் முழங்காலுக்கு இது தெரியுமா?

அக்கா: முழங்காலிடம் நான் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

(வான்கூவர்ப் பக்கம் இந்த வாதத்தைக் கேட்காத குளிர்காலம் கிடையாது. விஸ்லர் கட்சி ஏக்கரைச் சொல்லும், பிளாக்கோம் கட்சி மீட்டரைச் சொல்லும். சாப்பாடு, கழிப்பறை பற்றி முதலில் வாய் திறப்பவர் தோற்றவர் என்று இரண்டு கட்சிக்கும் ஒரு நினைப்பு.)

கார்த்தி: நிலம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள் அக்கா. விஸ்லர் மேலே ஹார்மனி, சிம்பொனி, எல்லாம் மரமே இல்லாத அகலமான வெளி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம். பிளாக்கோம் பாதைகள் அப்படியே நேராகக் கீழே தள்ளுகின்றன.

அக்கா: அழகில் குறை சொல்லமாட்டேன், சிம்பொனி பக்கம் வெயில் அடித்தால் கண் நிறைந்துவிடும். ஆனால் அங்கிருந்து திரும்பி வர வேண்டுமே? பச்சை வட்டம் போட்ட சுலபமான பாதை ஒன்று இருக்கிறது, பர்ன்ட் ஸ்டூ. நடுநடுவே தரை சமமாகிவிடும். என் கையில் கம்பு இருக்கிறது, ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். உன் கையில் என்ன இருக்கிறது?

கார்த்தி: வந்த வேகத்திலேயே தாண்டிவிடலாம்.

அக்கா: வேகம் வந்தாலே நீதான் உட்கார்ந்துவிடுகிறாயே. போன மாதம் ஒரு காலைக் கழற்றிவிட்டு, நின்றுபோன ஸ்கூட்டரை உதைப்பது போல உதைத்து உதைத்து வந்தாய். இத்தனூண்டு குழந்தை ஒன்று, ஐந்து வயதுகூட இருக்காது, 'எக்ஸ்க்யூஸ் மீ' சொல்லிவிட்டு உன்னைத் தாண்டிப் போனது.

கார்த்தி: அது இங்கேயே பிறந்த குழந்தை அக்கா. நான் விருதுநகர்.

அக்கா: அதுவும் சரிதான்.

கார்த்தி: கடைசியாக ஒன்று, இதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. 2010 ஒலிம்பிக். ஆண்கள் டவுன்ஹில் ஸ்கீ பந்தயம் எங்கே நடந்தது? விஸ்லர் மலை, டேவ் மரே பாதை, முடிகிற இடம் க்ரீக்சைடு. அதில் ஒரு தடவையாவது நான் இறங்க வேண்டும்.

அக்கா: மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். தங்கம் வாங்கிய சுவிஸ்காரர் இரண்டு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டார். உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கார்த்தி: மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்.

அக்கா: உண்மையைச் சொல்லு. அந்த ஐந்து வளையத்துக்கு முன்னால் ஒரு போட்டோ, அவ்வளவுதானே? வில்லேஜில் ஒலிம்பிக் பிளாசாவிலேயே வைத்திருக்கிறார்கள். மலை ஏற வேண்டாம், டிக்கெட் வேண்டாம், விழவும் வேண்டாம்.

கார்த்தி: (சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு) ஹெல்மெட் போட்டுக்கொண்டு எடுக்கலாமா?

அக்கா: தாராளமாக.

கார்த்தி: சரி, என் கதை போகட்டும். உங்களுக்கு ஏன் பிளாக்கோம்? ஒரு மைல் என்று எல்லாம் சொல்லாமல் நிஜக் காரணத்தைச் சொல்லுங்கள்.

அக்கா: பனியாறு இருக்கிறது. மேலே போய், பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து ஏறினால் அந்தப் பக்கம் முழுக்க...

கார்த்தி: நடந்து ஏறவா? பலகையைச் சுமக்கவா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டுகிறீர்கள்? நிஜக் காரணம் அக்கா.

அக்கா: செவன்த் ஹெவன் பக்கம் வெயில் நன்றாக விழும்.

கார்த்தி: காற்று அதைவிட நன்றாக அடிக்கும். நிஜக் காரணம்.

அக்கா: (கொஞ்சம் தயங்கி) அடிவாரம் 675 மீட்டர்தான், கடலும் பக்கம், அதனால் ஜனவரியிலும் கீழே மழை பெய்யும், அதே மேகம் மேலே பனியாகக் கொட்டும். பிளாக்கோமில் 2018-இல் பழைய நாற்காலி லிப்ட் இரண்டையும் எடுத்துவிட்டுப் பத்துப் பேர் உட்காரும் கோண்டோலா போட்டார்கள். ஈரமாகாமல் மேலே போய்விடலாம்.

கார்த்தி: கோண்டோலா விஸ்லரிலும் இருக்கிறது.

அக்கா: கிரிஸ்டல் ஹட் இல்லையே.

கார்த்தி: அது என்ன, புதுப் பாதையா?

அக்கா: மரத்தால் கட்டிய சின்னக் குடிசை. வாஃபிள் சுட்டுத் தருவார்கள்.

கார்த்தி: அக்கா! 1,609 மீட்டர், பனியாறு, வெயில் என்று அவ்வளவு பேசியது வாஃபிளுக்கா?

அக்கா: வாஃபிளுக்கு மட்டுமில்லை, கூட்டம் வருவதற்குள் போனால் உட்கார இடமும் கிடைக்கும். பன்னிரண்டு மணி ஆனால், மலைமேல் உள்ள பெரிய சாப்பாட்டுக் கூடங்களில் கையில் தட்டை வைத்துக்கொண்டு யார் எழுந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், அதுவும் அந்த பூட்ஸில். ஒருவர் வாய் துடைத்தால் போதும், நாலு பேர் ஓடி வருவார்கள். அதற்குத்தான் ஜாக்கெட் உள்பையில் சப்பாத்தி சுருட்டி வைத்திருக்கிறேன், உடம்புச் சூட்டில் மத்தியானம் வரைக்கும் மெத்தென்று இருக்கும், லிப்டிலேயே தின்றுவிடலாம். உனக்கும் இரண்டு இருக்கிறது.

கார்த்தி: எனக்குமா? அப்படியானால் இரண்டு மலைக்கும் போய்விடலாமே. காலையில் விஸ்லர், மத்தியானம் பிளாக்கோம். நடுவில்தான் பீக் டு பீக் கோண்டோலா ஓடுகிறதே.

அக்கா: போகலாமே. 2008 டிசம்பரில் திறந்தது, 4.4 கிலோமீட்டர், பதினோரு நிமிடத்தில் அந்தப் பக்கம். நடுவில் மூன்று கிலோமீட்டருக்குத் தூணே கிடையாது.

கார்த்தி: தூணே கிடையாதா?

அக்கா: கிடையாது. அடியில் பள்ளத்தாக்கு 436 மீட்டர். இரண்டு பெட்டிக்குத் தரையில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதற்குத் தனி வரிசை, காத்திருந்து அதிலேயே போவோம். உன் காலுக்குக் கீழே ஆறு தெரியும்.

கார்த்தி: அக்கா, நிதானமாக யோசித்துப் பார்த்தால் ஒரு நாளில் ஒரு மலையைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். பிளாக்கோமும் நல்ல மலைதான்.

அக்கா: அதோ க்ரீக்சைடு போர்டு. திருப்பட்டுமா, நேராகவா?

கார்த்தி: நேராகவே போங்கள். ஆனால் வாஃபிள் உங்கள் செலவு.

அக்கா: வாங்கித் தருகிறேன். வாடகை ஒன்றாம் தேதி, ஞாபகம் இருக்கட்டும்.

கார்த்தி: இன்றைக்குத் தேதி எட்டுதானே அக்கா?

அக்கா: அதனால்தான் சொல்கிறேன்.