'டாப் டியர்' பட்டியல் பல்கலைக்கழகம் போடுவதில்லை

"அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே ஃபிராட்டர்னிட்டிகளைத் தரவரிசைப்படுத்துகின்றன, டாப் டியரில் சேர்ந்தால் பயமில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ஃபிராட்டர்னிட்டி என்பது கல்லூரி ஆண் மாணவர்களின் சங்கம், பெண்களுடையது சொராரிட்டி; டாப் டியர் என்றால் முதல் தரம்.) இரண்டுமே தவறு.

டாப், மிடில், பாட்டம் என்பதெல்லாம் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. எந்தச் சங்கத்தின் வீட்டில் பெரிய பார்ட்டி, எந்தச் சொராரிட்டியோடு பழக்கம், யாரிடம் காசு அதிகம், இவைதான் அளவுகோல். இந்தச் சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்துகளில்தான் பெயர்; ஒரே பெயர் ஒரு வளாகத்தில் உச்சியில் இருக்கும், இன்னொன்றில் யாரும் சீண்டமாட்டார்கள். ஒவ்வொரு சாப்டரும், அதாவது வளாகக் கிளையும், தனி.

பாதுகாப்புக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை என்ற ஃபிராட்டர்னிட்டி வீட்டில், புதிதாகச் சேர வந்த 19 வயது மாணவரை வரிசையாகக் குடிக்க வைத்தார்கள். படியில் விழுந்தவருக்குக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. இறந்துபோனார். இத்தனைக்கும் அது மது கூடாது என்று விதி வைத்திருந்த வீடு. நினைத்தாலே மனது பதறுகிறது.

சரி, எதைப் பார்ப்பது? பல பல்கலைக்கழகங்கள் சாப்டர் வாரியாகச் சராசரி மதிப்பெண்ணை வெளியிடுகின்றன. 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ராகிங் செய்து பிடிபட்ட அமைப்புகளின் விவரத்தையும் கல்லூரிகள் வெளியிட வேண்டும். பிள்ளை ரஷ்ஷுக்கு (சங்கங்கள் புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு) போகும் முன் அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.