காலைப் பட்டினி அல்ல, ஸ்பாரிங் முடிந்த பிறகான பட்டினிதான் சிக்கல்

16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்ற முறை குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ பயிற்சிக் கூடங்களுக்குள்ளும் வந்துவிட்டது. எடை குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடுகிறவர் இரவு 9 வரை ஸ்பாரிங் (ஆளோடு ஆள் மோதும் பயிற்சிச் சண்டை) செய்தால், அடுத்த கவளம் உள்ளே போக 15 மணி நேரம் ஆகும். ஆட்டத்தைக் கெடுப்பது இந்த இடைவெளிதான் என்பது என் கருத்து.

இரவு தூங்கி எழுவதற்குள் குறைவது பெரும்பாலும் கல்லீரலில் உள்ள கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து. தசையிலுள்ளது ரத்தத்துக்குப் போகாது. அந்தத் தசை உழைத்தால்தான் செலவாகும். அதனால் முந்தின இரவு நன்றாகச் சாப்பிட்டவர் காலையில் வெறும் வயிற்றோடு மெதுவாக ஓடலாம், எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகும் ஷேடோ பாக்ஸிங் செய்யலாம், டெக்னிக் பழகலாம். ஒன்றும் ஆகாது.

ஸ்பாரிங் அப்படி அல்ல. முழு வேகத்தில் அடிக்கும்போது முதல் சில விநாடிகளைத் தசையிலேயே இருக்கும் உடனடி எரிபொருளான பாஸ்போகிரியேட்டின் பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு பெரும்பாரம் தசைக் கிளைகோஜன் மேல்தான். கொழுப்பிலிருந்து அந்த வேகத்துக்குச் சக்தி வராது. "உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிவிட்டது" என்பவர்கள் மூன்றாவது ரவுண்டில் கை தொங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்கு சொல்கிறேன். ஸ்பாரிங்குக்கு 3 மணி நேரம் முன்பு 120 கிராம் மாவுச்சத்து, அதாவது வெந்த சோறு 400 கிராமுக்குச் சற்று மேல். எண்ணெயும் நார்ச்சத்தும் குறைவாக இருக்கட்டும். இரண்டும் இரைப்பையில் தங்கும், வயிற்றில் ஒரு குத்து விழுந்தால் வாந்திதான். ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் போதும். முடிந்ததும் 60 கிராம் மாவுச்சத்தும் சுமார் 20 கிராம் புரதமும். 8 மணி நேரத்துக்குள் அடுத்த பயிற்சி இருந்தால் முதல் 4 மணி நேரமும் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போகவேண்டும். விரதம் இருந்தே தீருவேன் என்றால் சாப்பிடும் நேரத்தை மாலை 3 முதல் இரவு 11 வரை தள்ளுங்கள். ஸ்பாரிங் அதன் நடுவில் வரும்.

பகல் முழுக்கத் தண்ணீரும் இல்லாத நோன்பில், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு டெக்னிக் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடும் பயிற்சி, திறந்து 2, 3 மணி நேரம் கழித்து. அந்த நாட்களின் சோர்வில் தூக்கக் குறைவுக்கும் பெரிய பங்கு உண்டு. பகலில் அரை மணி நேரமாவது தூங்குங்கள்.

போட்டியின் எடைப் பிரிவுக்குள் வர, எடை பார்க்கும் நாளுக்காகப் பட்டினி கிடப்பதுதான் எனக்கு உண்மையான கவலை. ஜூடோவில் போட்டிக்கு முந்தின மாலையே எடை பார்ப்பதால் ஒரு இரவு கிடைக்கும். மல்யுத்தத்தில் போட்டி அன்று காலையேதான். அதற்குள் எவ்வளவு மீளமுடியும் என்பதை வைத்தே எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவுசெய்யவேண்டும். கடைசி 2, 3 நாள் நார்ச்சத்தை மட்டும் குறைத்தாலே குடல் காலியாகிச் சில நூறு கிராம் இறங்கும், சக்தியும் போகாது. வியர்த்து 2 கிலோ இறக்கியவர் 2.5 முதல் 3 லிட்டர் குடிக்கவேண்டும். முதலில் அரை லிட்டர், பிறகு 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். வெறும் தண்ணீராகக் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும்; உப்பு வேண்டும், ஓ.ஆர்.எஸ். நல்லது. 1997 இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், சில வார இடைவெளியில், இப்படி எடை இறக்கும்போதே இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே சானா எனும் வெப்ப அறைக்கும் வியர்க்கவைக்கும் ரப்பர் உடைக்கும் தடை வந்தது.

வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு இந்த விரத முறை எதுவும் வேண்டாம். வீராங்கனைக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம், எலும்பும் பலவீனமாகும். அந்த மாதமே விரதத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.