செட்ஜ்விக்கைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்தக் கார்டை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். குழுவில் அதன் கீழே நான் எழுதியதையும், அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளையும், "அண்ணன் ரொம்ப டென்ஷன் ஆகிட்டார்" என்ற பதிலையும் பார்த்திருப்பீர்கள். ஆமாம், டென்ஷன்தான். கமென்ட் பெட்டிக்குள் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

"உலகின் முட்டாள்தனமான கடைசி வார்த்தைகள்" என்று தலைப்பு. தாடி வைத்த ஒரு ஜெனரலின், ஜான் செட்ஜ்விக்கின், கறுப்பு வெள்ளைப் படம். கீழே, "இவ்வளவு தூரத்திலிருந்து அவர்களால் ஒரு யானையைக்கூடச் சுட மு..." என்று பாதியில் அறுந்த வாக்கியம். பக்கத்தில் குண்டு துளைத்த ஓட்டை.

வாக்கியம் பாதியில் அறுபடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டையும் அந்த மூன்று புள்ளிகளும் யாரோ சிரிப்புக்காகச் சேர்த்தவை.

1864 மே 9, அமெரிக்க உள்நாட்டுப் போர். வர்ஜீனியாவில் ஸ்பாட்சில்வேனியா. வடக்குப் படையின் ஜான் செட்ஜ்விக், தன் ஆறாவது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) வீரர்களைச் சரியான இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார். 800, 1000 கஜம் தள்ளி எதிரியின் குறிபார்த்துச் சுடுபவர்கள். ஒவ்வொரு குண்டு சீறும்போதும் இவருடைய ஆட்கள் குனிந்தார்கள், தரையில் படுத்தார்கள். "ஒற்றைக் குண்டுக்கே இப்படிக் குனிந்தால், வரிசை முழுக்கச் சுட ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? யானையைக்கூட அவர்களால் அடிக்க முடியாது" என்றார் இவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகும் ஒருவன் அவர் காலடியிலேயே படுத்தான். அவனைக் காலால் மெல்லத் தட்டி மறுபடி அதையே சொன்னார். அந்த வீரன் எழுந்து, சல்யூட் அடித்து, "ஜெனரல், ஒருமுறை ஒரு பீரங்கி ஷெல்லுக்குக் குனிந்தேன். குனியாமல் இருந்திருந்தால் என் தலை போயிருக்கும். குனிவதில் எனக்கு நம்பிக்கை உண்டு" என்றான். ஜெனரல் சிரித்துவிட்டு, "சரி, போய் உன் இடத்தில் நில்" என்று அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகுதான் குண்டு வந்தது. இடது கண்ணுக்குக் கீழே. பக்கத்தில் நின்ற தலைமை அலுவலர் மார்ட்டின் மக்மஹோன் மேலேயே சாய்ந்தார், இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். இதையெல்லாம் எழுதிவைத்தவர் அந்த மக்மஹோன்தான்.

கடைசியாக அந்த வீரனிடம் பேசியது கார்டில் இல்லை. தன்னை எதிர்த்துப் பேசிய சாதாரண சிப்பாயைத் திட்டாமல், சிரித்து, ஏற்றுக்கொண்டு அனுப்பினாரே, அது ஏன் இல்லை? இருந்தால் சிரிப்பு வராது. அவ்வளவுதான் காரணம்.

"சொன்னது சொன்னதுதானே, கணிப்பு தப்பாப் போச்சு இல்ல?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, பார்க்கலாம். அன்றைக்குச் சாதாரணக் காலாட்படை வீரன் கையில் இருந்த துப்பாக்கியால் அந்தத் தூரத்தில் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது நடக்காத காரியம். அவர் சொன்னது அந்தத் துப்பாக்கிக்குச் சரி. ஆனால் எதிரியான தெற்குப் படையிடம் இங்கிலாந்தில் செய்த விட்வொர்த் துப்பாக்கிகள் கொஞ்சம் இருந்தன. அறுகோணக் குழல், மிகத் தொலைவுக்குக் குறி தவறாது. அப்படி ஒன்றிலிருந்து வந்த குண்டுதான் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். இதைக் கணிப்பு என்று எடுத்துக்கொள்வதே தப்பு என்பேன். பயந்துபோன ஆட்களுக்கு முன்னால் நின்று அவர்களைச் சிரிக்கவைக்கச் சொன்ன பேச்சு அது. அந்தப் போரில் ஜெனரல்கள் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை. ரெனால்ட்ஸ் 1863ல் கெட்டிஸ்பர்கில் முன்வரிசையில் நின்றபோதே செத்தார். மக்ஃபர்சன் 1864 ஜூலையில் அட்லாண்டாவுக்கு வெளியே செத்தார். தலைவன் குனிந்தால் வரிசை முழுக்கக் குனியும், அதனால் அவன் குனியக்கூடாது. இந்த வழக்கத்தை நீங்கள் குறை சொல்லலாம். சொன்னவரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

எங்கள் மாமா ஒருவர் கொத்தனார். உயரமான சாரத்தில் ஏறப் பயந்து நின்ற சித்தாள் பையனிடம், "பயப்படாம ஏறு, நான்தான் மேல நிக்கிறேன்ல" என்று சொல்லி முதலில் ஏறியவர். கயிறு அறுந்தது. பையன் பிழைத்தான், மாமா இல்லை. சாவு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "நான் நிக்கிறேன்லன்னு சொன்னாராம்" என்று ஒருவர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் கட்டிய வீடுகள் ஊர் முழுக்க நிற்கின்றன. சிரித்தவர்களில் ஒருவர் குடியிருந்ததும் அவர் கட்டிய வீட்டில்தான். ஆனாலும் அவர் பேச்சு வந்தால் அந்த ஒற்றை வாக்கியம்தான் வரும். இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைத்தான் சொல்ல முடியும்.

செட்ஜ்விக்குக்கு அன்று ஐம்பது வயது. 1813ல் கனெக்டிகட்டில் கார்ன்வால் ஹாலோ என்ற சிற்றூரில் பிறந்தவர். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர். 1837ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஐம்பது பேரில் இருபத்து நான்காவதாகத் தேறினார். மெக்சிகோ போரில் பீரங்கிப்படையில் பெயர் வாங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சண்டை முடிந்து சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் ஆசை. வீரர்கள் அவரை "அங்கிள் ஜான்" என்றுதான் கூப்பிட்டார்கள். பிணத்தின் மேல் ஏறி நின்று புகழ் தேடும் அதிகாரிக்கு எந்தச் சிப்பாயும் இப்படிப் பெயர் வைக்க மாட்டான்.

1862 செப்டம்பர், ஆன்டீட்டம் சண்டை. மேலதிகாரி சம்னர் முன்னால் என்ன இருக்கிறது என்று சரியாகப் பார்க்காமல் இவருடைய டிவிஷனை மேற்குக் காட்டுக்குள் அனுப்பினார். மூன்று பக்கமும் எதிரி. அரை மணி நேரத்துக்குள் 2,000 பேருக்கு மேல் விழுந்தார்கள். இவர் உடம்பில் மூன்று குண்டுகள். ஆறிய உடனே திரும்பி வந்தார். குண்டு என்ன செய்யும் என்று தெரியாத ஆளா இவர்? அந்த ஆண்டு கோடையிலும் க்ளெண்டேல் சண்டையில் அடிபட்டவர். யானை வாக்கியத்தைச் சொன்ன வாய்க்குச் சொந்தமான உடம்பில் எத்தனை தழும்பு என்று கார்டு போட்டவருக்குத் தெரியுமா?

கெட்டிஸ்பர்கில் சண்டை தொடங்கிய நாள் இரவு. ஆறாவது கோர் முப்பது மைலுக்கு மேல், இரவெல்லாம் நடந்து, மறுநாள் பிற்பகல் வந்து சேர்ந்தது. ஜூலை வெயிலில் மூட்டை முடிச்சோடு அந்தத் தூரம். ஆட்கள் தலைவனை நம்பினால்தான் அப்படி நடப்பார்கள்.

இன்னொருவர் கொஞ்சம் படித்தவர்போல. "சான்ஸலர்ஸ்வில்லில் மெதுவாகப் போய்ச் சொதப்பியவர்தானே?" என்று கேட்டார். இதற்கு நன்றாகவே பதில் சொல்ல வேண்டும். 1863 மே 3, அந்தச் சான்ஸலர்ஸ்வில் சண்டையின்போதே, பக்கத்து ஃபிரெட்ரிக்ஸ்பர்கில் மேரீஸ் ஹைட்ஸ் மேடு. ஐந்து மாதம் முன்னால் அதே கல் சுவருக்கு முன்னால் வடக்குப் படை ஆயிரக்கணக்கில் மடிந்தது. அந்தச் சுவரைப் பயோனெட்டோடு ஓடிப் பிடித்தவை செட்ஜ்விக்கின் படைகள். அப்புறம் அங்கே சேலம் சர்ச் என்ற இடத்தில் தடுக்கப்பட்டார், உண்மைதான். ஆனால் பெரிய படையோடு சில மைல் தள்ளி இருந்த இவருடைய மேலதிகாரி ஹூக்கர் என்ன செய்தார்? அசையவில்லை. அவர் அசையாததால்தான் எதிரிப் படைத் தலைவர் லீ தன் ஆட்களைத் திருப்பி இவர்மேல் விட முடிந்தது. மூன்று பக்கமும் வளைக்கப்பட்டும் இரவோடிரவாகக் கோரை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோனார். பிறகு ஹூக்கர் பழியை இவர் தலையில் போட்டார். மேலே இருப்பவர் உட்கார்ந்துகொள்வார், கீழே இருப்பவர் பழி சுமப்பார். இது உங்களுக்கும் எனக்கும் பழக்கம்தானே, இவர் விஷயத்தில் மட்டும் ஏன் புரியமாட்டேன் என்கிறது? அதே ஆண்டு நவம்பரில் ராப்பஹானக் ஸ்டேஷனில் 1,600க்கும் மேற்பட்ட எதிரிகளைச் சிறைபிடித்ததும் இவர் தலைமையிலான படைதான். அதைச் சொல்ல ஆளில்லை.

"செரோக்கீ மக்களை விரட்டிய ராணுவத்தில் இருந்தவருக்கு இவ்வளவு கண்ணீரா?" என்றும் ஒரு கேள்வி. 1838ல் அந்த அமெரிக்கப் பூர்வகுடி மக்களை விரட்டும் வேலையில் இளம் அதிகாரியாக இருந்தார். அதற்குப் பதில் கிடையாது. அதைச் சொல்லித் திட்டுங்கள், கார்டு போடுங்கள், நானே ஷேர் செய்கிறேன். ஆனால் சிரித்தவர்களில் ஒருவராவது அது ஞாபகம் வந்து சிரித்தாரா?

இவர் இறந்த செய்தி போனபோது வடக்குப் படையின் தலைமைத் தளபதி கிராண்ட் நம்பவில்லை. "உண்மையிலேயே இறந்துவிட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு முழு டிவிஷனை இழந்ததைவிட இது பெரிய இழப்பு என்றார். அந்தப் போரில் சண்டையில் கொல்லப்பட்ட வடக்குப் படை அதிகாரிகளிலேயே பணிமூப்பு கூடியவர் இவர். அந்த ஆறாவது கோர் பிடித்த பீரங்கிகளின் வெண்கலத்தில் வார்த்த சிலை வெஸ்ட் பாயின்ட்டில் 1868 முதல் நிற்கிறது. பரீட்சையில் தேற மாட்டோமோ என்று பயப்படும் மாணவன் நள்ளிரவில் முழுச் சீருடையில் போய், அவர் பூட்ஸின் பின்புற முள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வந்தால் தேறிவிடுவான் என்று அங்கே ஒரு நம்பிக்கை. இத்தனை வருடம் கழித்தும் பயந்துபோன பையன்கள் அவரிடம்தான் போகிறார்கள்.

"எங்கேயோ செத்த அமெரிக்காக்காரனுக்கு நீ எதுக்குய்யா வக்காலத்து" என்றவருக்கு: எங்கேயோ செத்தவரைக் கேலி செய்ய உங்களுக்கு உரிமை இருக்கும்போது, அவருக்காகப் பேச எனக்கு இருக்கக்கூடாதா? குழுவின் அட்மின் "ஜாலிக்காகத்தானே" என்று எழுதி என் கமென்டை நீக்கியிருக்கிறார். கார்டை நீக்கவில்லை. பிழையான வாக்கியத்தையாவது திருத்துங்கள் என்று உள்பெட்டியில் கேட்டிருக்கிறேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. அதைத் திருத்தும்வரை அந்தக் கார்டில் யாரும் என்னை டேக் செய்ய வேண்டாம். செய்தால் பிளாக் செய்வேன், உறவு, நட்பு பார்க்க மாட்டேன்.